குழாய்க்குத் தகுந்த மெஷின்

சோம்பேறி ஒருவனால் ஒரு பட்டறைக்குப் பெரிய கெடுதி வந்துவிடாது. அவன்தான் எதையும் தொடமாட்டானே, பிறகு கெடுதி எங்கிருந்து வரும்? தன் வேலையைப் பற்றிப் பெருமைப்படுகிறவன்தான் ஆபத்தானவன். தன் கைவேலையை நாலு பேர் பார்த்து மெச்ச வேண்டும் என்று அவனுக்கு ஆசை வந்துவிட்டால், அன்றைக்குப் பட்டறையைப் பூட்டிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவது நல்லது. இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். அந்த ஆள் நான்தான்.

எட்டாம் வகுப்பின் பாதியில் வீட்டை விட்டுக் கிளம்பியவன் நான் (கணக்கு வாத்தியார் மேல் தப்பில்லை, அவரும் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார்). ஆந்திரத்தில் போர்வெல் லாரி, சோலாப்பூரில் ஓர் ஓட்டலின் பாத்திரத் தொட்டி, குஜராத்தில் கப்பல் உடைக்கும் கடற்கரை, கடைசியாக நாக்பூர்ப் பக்கம் மண் தோண்டும் இயந்திரங்களைப் பழுது பார்க்கிற ஒரு தகரக் கொட்டகை. அங்கே இரண்டு குளிர்காலம் இயந்திரங்களுக்கு அடியிலேயே படுத்து எழுந்தேன். இரண்டு கால்விரல் நகங்கள் போயின. எண்ணெய்க் குழாய் வளைக்கும் தொழில் வந்தது. எந்த ஊரிலும் நான் வேலையை விட்டதற்கு ஒரே காரணம்தான். எதையாவது உடைத்திருப்பேன். உடைத்தது முதலாளிக்குத் தெரியவரும் நேரத்தில் நான் பையோடு பேருந்தில் இருப்பேன். இந்த ஒரு விஷயத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

முப்பத்துமூன்று வயதில் சொந்த ஊர்ப் பக்கமே திரும்பி வந்து, பேட்டையில் ஒரு பட்டறையில் சேர்ந்தேன். பாக்குமட்டையைத் தட்டாக அழுத்துகிற ஹைட்ராலிக் மெஷின் செய்கிற இடம். ஒரு மெஷினில் வரிசையாக ஐந்து அச்சுகள், ஒவ்வோர் அச்சின் தலைக்கு மேலும் ஒரு சிலிண்டர். பக்கத்தில் எண்ணெய்த் தொட்டியும் மோட்டாரும். தொட்டியிலிருந்து அழுத்தத்தோடு வருகிற எண்ணெயைச் சிலிண்டருக்குக் கொண்டுபோகவும் திருப்பிக் கொண்டுவரவும் மொத்தம் பத்து இரும்புக் குழாய்கள். அந்தப் பத்துக் குழாய்களும் என் ராஜ்ஜியம்.

நான் வேலை செய்கிற அழகே தனி. மெஷின் முன்னால் நின்று ஒரு கம்பியை வளைத்துப் பார்ப்பேன். ஒற்றைக் கண்ணை மூடுவேன். குழாயை வளைப்பேன். பொருந்தாது. இன்னொன்றை எடுப்பேன். அறுப்பேன், ராவுவேன், ஊதுவேன். நாலாம் நாள் சாயங்காலம் பத்தும் பொருந்தியிருக்கும். அருகே பொருந்தாத குழாய்கள் முருங்கைக்காய்க் கட்டு மாதிரி குவிந்து கிடக்கும். அந்தக் குவியலை நான் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

பார்த்தவர் எஸ்தர். பாளையங்கோட்டையில் வாத்தியார் வீட்டுப் பெண். டிப்ளமோ படித்துவிட்டு எங்கள் பட்டறையில் மூன்று வருடமாக விலைப்புள்ளி டைப் அடித்துக்கொண்டிருந்தார். படித்ததோ இயந்திரவியல், கொடுத்ததோ கம்ப்யூட்டரும் மின்விசிறியும். என்னைவிட ஆறேழு வயது இளையவர். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். ஒருநாள் அவர் நேராக முதலாளி மேசைக்குப் போனார். முதலாளியை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும், நாங்களும் அப்படியே.

“அண்ணாச்சி, ஒரு மெஷினுக்குக் குழாய் வளைக்க இசக்கி அண்ணனுக்கு நாலு நாளாவுது. அந்த நாலு நாளும் வயரிங் ஆளும் சும்மா உக்காந்திருக்காங்க, பெயிண்டரும் சும்மா உக்காந்திருக்காங்க. பாதிக் குழாய் குப்பைக்குப் போவுது. அறுக்கற இரும்புத்தூள் உள்ள நின்னு வால்வையும் கெடுக்குது.”

“அதுக்கு என்னம்மா செய்யச் சொல்லுத?”

“கோயமுத்தூர்ல கம்ப்யூட்டர் மெஷின்ல வளைச்சு, உள்ள கழுவி, ரெண்டு வாயையும் மூடி, நம்பர் போட்டுத் தாராங்க. பெட்டியப் பிரிச்சு மாட்ட வேண்டியதுதான். ஒரு மெஷினுக்கு ரெண்டு மணி நேரம்.”

வெல்டர் சுடலை என் விலாவில் இடித்தார். “ஏலே, ஒன் கலைய அட்டப்பெட்டில போடுதாங்கலே.”

அண்ணாச்சி யோசித்தார். தென்காசிப் பக்கத்துப் பெண்கள் குழுக்களுக்குப் பன்னிரண்டு மெஷின் செய்து தர அப்போதுதான் ஆர்டர் வந்திருந்தது. “சரிம்மா. இந்த ஆர்டர்ல செஞ்சு பாரு. சரியா வந்தா இனிமே அசெம்பிளி பூராவும் ஒன் பொறுப்பு. வரலன்னு வையி, பழையபடி நீ டைப் அடி, அவன் வளைக்கட்டும். பொறவு இந்தப் பேச்சே இங்கன வரக்கூடாது.”

எஸ்தர் “சரி அண்ணாச்சி” என்று ஒரே சொல்லில் முடித்தார். ஆனால் திரும்பி வரும்போது அவர் கையிலிருந்த பேனா மூடி மூன்று தடவை கழன்று மாட்டியதை நான் பார்த்தேன்.

என்னிடம் வந்தார். “அண்ணே, நம்ம குழாய் அளவெல்லாம் ஒங்க கையிலதான இருக்கு, பேப்பர்ல இல்லையே. நடுவுல நிக்க அந்த மெஷின் சட்டத்த நான் படத்தோட ஒத்துப் பாத்துட்டேன், எல்லாம் சரியா இருக்கு. அதுலேருந்து ஒரு செட்டுக் குழாயக் கழட்டி நம்பர் போட்டுக் குடுங்க. அத அளந்து அதே மாதிரி பன்னெண்டு செட் அடிச்சுத் தருவாங்க.”

இந்த இடத்தில் கொட்டகையில் நின்ற இன்னொரு மெஷினைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது நாங்குநேரிக்காரர் ஒருவருடையது. எங்கள் மெஷினில் மோட்டாரும் தொட்டியும் எப்போதும் வலப்பக்கம். அவர் கொட்டகையில் அதை நிறுத்தினால் மோட்டார் வாஸ்துப்படி ஆகாத மூலையில் வருகிறதாம். “மோட்டாருன்னா நெருப்புல்லா? அக்னி மூலையிலதான் வரணும்” என்று ஒற்றைக் காலில் நின்று, அவருக்காக மட்டும் தொட்டியை இடப்பக்கம் மாற்றிச் செய்ய வைத்தார். செய்து முடித்ததும், ஆடி போகட்டும், பிறகு எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். புது மாதிரி என்பதால் அதன் குழாய்களை நான் பார்த்துப் பார்த்து வளைத்திருந்தேன். ஒவ்வொரு வளைவும் வெண்ணெயில் விரல் வைத்து இழுத்தது போல இருக்கும். நடு மெஷின் குழாய்களோ எனக்குக் காய்ச்சல் வந்த வாரத்தில் வளைத்தவை. வேலை செய்யும், ஆனால் பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காட்ட முடியாது.

இப்போது என் மனம் ஓடிய வழியைப் பாருங்கள். குழாய் கோயமுத்தூருக்குப் போகிறது. அங்கே கம்ப்யூட்டர் வைத்து வளைக்கிறவர்கள் நாலைந்து பேர் அதைக் கையில் எடுத்துப் பார்ப்பார்கள். “யார்யா இது, கையாலயா இப்படி வளைச்சிருக்கான்?” என்று கேட்பார்கள். அப்படி ஒரு சந்தர்ப்பத்தில் காய்ச்சல் வந்தவனின் குழாயையா அனுப்புவது?

இடம், வலம் என்கிற சந்தேகம் எனக்கும் வந்தது, வராமல் இல்லை. ஆகவே பரிசோதனை செய்தேன் (விஞ்ஞானிகள் கவனிக்க). நாங்குநேரி மெஷினின் முதல் குழாயைக் கழற்றிக் கவிழ்த்து நடு மெஷினில் வைத்துப் பார்த்தேன். அச்சாகப் பொருந்தியது. ஒன்று பொருந்தினால் பத்தும் பொருந்தும்தானே? மீதி ஒன்பதை நான் சோதிக்கவே இல்லை. துடைத்து, எண்ணெய் தடவி, நம்பர் கட்டிக் கொடுத்தேன்.

“நடு மெஷின்லேருந்துதான எடுத்தீங்க அண்ணே?”

“ஆமா மேடம்.”

இரண்டே வார்த்தை. கோயமுத்தூரிலிருந்து படம் வந்தபோது எஸ்தர் ஒவ்வொரு குழாயின் நீளத்தையும் வளைவின் கோணத்தையும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார். நீளத்திலும் கோணத்திலும் இடக்கைக் குழாய்க்கும் வலக்கைக் குழாய்க்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது. குழாய் எந்தப் பக்கமாகத் திரும்புகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அதை அவர் என்னை நம்பி விட்டுவிட்டார்.

ஒரு திங்கட்கிழமை காலையில் பெட்டிகள் வந்து இறங்கின. மெஷின்களை ஏற்றச் சனிக்கிழமைக்கு லாரி சொல்லியிருந்தோம். அண்ணாச்சி தேங்காய் உடைத்தார், பெட்டிக்குச் சந்தனம் வைத்தார். எஸ்தர் ஒரு நிமிடம் கண்ணை மூடித் தனக்குள் ஜெபித்துக்கொண்டார். பெட்டியைப் பிரித்தோம்.  நூற்றிருபது குழாய்கள். அத்தனையும் என் வளைவு! ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஒரு நூல் வித்தியாசம் இல்லை. இரண்டு வாயிலும் சிவப்பு மூடி, கழுத்தில் நம்பர் அட்டை, முனையில் நட்டுகூட மாட்டித் தயாராக இருந்தது. மூடியைக் கழற்றி ஒன்றின் உள்ளே பார்த்தேன். துளித் தூசு இல்லை. இத்தனை வருடம் நான் ஊதி ஊதிப் பார்த்தும் ஒரு குழாயின் உள்பக்கம் அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. பொறாமைகூட வரவில்லை. நல்ல பாட்டைக் கேட்டவன் மாதிரி நின்றேன்.

“இசக்கி, நீயே மொதக் குழாய மாட்டுடே” என்றார் அண்ணாச்சி.

முதல் குழாயைக் கவிழ்த்து வைத்தேன். பொருந்தியது. எல்லோரும் கை தட்டினார்கள். இரண்டாவதும் பொருந்தியது. மறுபடி கைதட்டல். மூன்றாவதை வைத்தேன். அடிவாய் வால்வில் சரியாக உட்கார்ந்தது. மேல்வாய் சிலிண்டரைப் பார்க்காமல், எதிரே நின்ற சுடலையைப் பார்த்தது.

“என்னலே இது, என்னயப் பாக்கு?” என்றார் சுடலை.

கவிழ்த்தேன். இப்போது அது தரையைப் பார்த்தது. மறுபடி திருப்பினேன், ஜன்னலைப் பார்த்தது. நான்காவது கூரையைப் பார்த்தது. ஐந்தாவது அண்ணாச்சியைப் பார்த்தது. அதோடு நிறுத்திக்கொண்டேன்.

சுடலைக்கு முதலில் புரிந்துவிட்டது. தன் இடக்கைத் தோலுறையைக் கழற்றி என் மேல் எறிந்தார். “இதத் திருப்பிப் போட்டு வலக்கைல மாட்டுலே பாப்போம்.” மாட்டினேன். கட்டைவிரல் சரியான இடத்துக்கு வந்தது. உள்ளங்கை புறங்கையில் இருந்தது. விஷயம் அவ்வளவுதான். ஒரே தளத்தில் வளைந்த குழாயைக் கவிழ்க்கலாம். இரண்டு திசையில் முறுக்கி வளைந்த குழாயை எப்படிக் கவிழ்த்தாலும் அது தன் பக்கத்தை மாற்றிக்கொள்ளாது. பத்தில் எட்டு அப்படிப்பட்டவை. அதாவது தொண்ணூற்றாறு குழாய்கள்.

என் கால் தானாகவே அறைப் பக்கம் திரும்பியது. அறை நானும் சுடலையும் சேர்ந்து வாடகைக்கு எடுத்தது. பை உள்ளே, சாவி அவர் இடுப்பில்.

“சுடலையண்ணே, சாவி தாங்க. தலைவலி மாத்திரை எடுக்கணும்.”

“எனக்கும் ஒண்ணு வேணும். சேந்தே போவோம்.”

என்னை அவருக்கு நன்றாகத் தெரியும்.

அதற்குள் அண்ணாச்சி எஸ்தரிடம் போய்விட்டார். சத்தம் போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது. “என்னம்மா இது?” என்று மட்டும் கேட்டார்.

எஸ்தரின் முகம் வெளுத்திருந்தது. ஆனால் குரல் ஆடவில்லை. “தப்பு என்னுதுதான் அண்ணாச்சி. படத்துல கையெழுத்துப் போட்டது நான். திரும்புத பக்கத்தப் பாத்திருக்கணும். பாக்கல.”

அவ்வளவுதான் சொன்னார். என் பெயரைச் சொல்லவில்லை. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் குழாய் எங்கிருந்து வந்தது என்பது அந்த நேரத்தில் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாங்குநேரி மெஷின் பத்தடி தள்ளித்தான் நின்றது. நானும் பேசாமல் இருந்தால் அவர் மறுபடி டைப் அடிக்கப் போய்விடுவார், நான் மறுபடி குழாய் வளைப்பேன், யாருக்கும் எதுவும் தெரியாது. எத்தனையோ ஊரில் நான் ஆசைப்பட்டும் கிடைக்காத வசதி இது.

“நான் பொய் சொன்னேன் அண்ணாச்சி” என்றது ஒரு குரல். என் குரல்தான். எனக்கே ஆச்சரியமாக இருந்தது (மனசாட்சி என்று நினைத்துவிட வேண்டாம், சாவி கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது). “மேடம் நடு மெஷின்லேருந்துதான் எடுக்கச் சொன்னாங்க. நான் நாங்குநேரி மெஷின்லேருந்து எடுத்துட்டேன். கேட்டதுக்கு, நடு மெஷின்தான்னும் சொன்னேன்.”

எஸ்தர் திரும்பினார். “ஏன் அண்ணே?”

“அதுலதான் மேடம் வளைவு அழகா இருந்துச்சு.”

 சுடலை சிரிக்கத் தொடங்கினார். உட்கார்ந்து சிரித்தார். அண்ணாச்சி தலையில் கை வைத்துக்கொண்டு, “அழகா இருந்துச்சாம்லா, அழகா இருந்துச்சாம்” என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டே போய்த் தண்ணீர்ப் பானையருகே நின்றார்.

எஸ்தர் சிரிக்கவில்லை. கையில் மூன்றாம் நம்பர் குழாயோடு, வரிசையாக நின்ற சட்டங்களிடம் போனார். அந்தச் சட்டங்கள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரியானவை. பக்கவாட்டில் தொட்டியைத் தாங்குகிற பிராக்கெட்டை எங்கே பற்றவைக்கிறோமோ அதுதான் மோட்டார் பக்கம். குழாயை ஒரு சட்டத்தின் இடப்பக்கம் வைத்துப் பார்த்தார்.

“சுடலை அண்ணே, பன்னெண்டு சட்டத்துல எத்தனைக்குப் பிராக்கெட் பத்தவச்சிருக்கு?”

“ரெண்டுக்குத்தான். மிச்சத்துக்கு நாளைக்கு வைக்கணும்.”

“அந்த ரெண்ட அறுத்து இடப்பக்கம் வைக்க எவ்வளவு நேரமாவும்?”

சுடலையின் சிரிப்பு நின்றது. “சாப்பாட்டுக்குள்ள வச்சிருவேன்.”

எஸ்தர் அண்ணாச்சியிடம் வந்தார். “அண்ணாச்சி, குழாய் நூத்திருவதும் சரியாத்தான் இருக்கு. மெஷின்தான் தப்பா இருக்கு.”

அந்த வாக்கியத்தை நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். நான் போன ஊர்களில் எல்லாம், தவறு நடந்தவுடன் யார் செய்தது என்று தேடுவார்கள். அடுத்தபடி, எதைத் தூக்கிப் போடுவது என்று பார்ப்பார்கள். கையில் மிஞ்சியிருப்பதில் எது சரியாக இருக்கிறது என்று தேடிய ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை.

அண்ணாச்சி கண்ணைச் சுருக்கினார். “குழாய்க்குத் தகுந்த மாதிரி மெஷினச் செய்யச் சொல்லுதியா?”

“ஆமா அண்ணாச்சி.”

“மோட்டார் ஏன் எடப்பக்கம் இருக்குன்னு அந்தப் பிள்ளையள் கேட்டா?”

“மட்டைய வலக்கையாலதான எடுத்து வைக்காங்க? இதுவரைக்கும் அந்தப் பக்கம் தொட்டி இடிச்சுது. இனிமே இடிக்காது.”

அது உண்மையான காரணமா, அந்த நிமிடத்தில் தோன்றிய சமாளிப்பா என்று இன்றுவரை நான் அவரிடம் கேட்டதில்லை. அண்ணாச்சி கொஞ்ச நேரம் வலக்கையை நீட்டியும் மடக்கியும், இல்லாத மட்டையை எடுத்து இல்லாத அச்சில் வைத்துப் பார்த்தார். பிறகு, “ஏ சுடலை, என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்க? அறும்வே!” என்றார்.

அன்றைக்கு மத்தியானம் முதல் மெஷினுக்குப் பத்துக் குழாய்களையும் நானே மாட்டினேன். அறுக்கவில்லை, ராவவில்லை, ஊதவில்லை. சிவப்பு மூடியைக் கழற்று, வை, கையால் நட்டைத் திருகு, பிறகு ஸ்பானர். இரண்டு மணி நேரம் என்று எஸ்தர் சொன்னது பொய். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலாயிற்று, அதுவும் நான் நடுவில் இரண்டு தடவை தள்ளி நின்று ரசித்ததால். மோட்டாரைப் போட்டோம். ஐந்து சிலிண்டரும் பைய இறங்கின, பைய ஏறின. பத்துக் குழாயின் அடியிலும் துணியால் துடைத்துப் பார்த்தேன். துணி காய்ந்தே இருந்தது. வயரிங் ஆள் அன்றைக்கு உட்காரவே இல்லை. என்னை முறைத்துக்கொண்டே வேலை செய்தார்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டும் தயார். லாரியில் ஏற்றிய பிறகு எஸ்தர் என்னிடம் வந்து, அதுவரை அடக்கி வைத்திருந்ததை அமைதியாகச் சொன்னார்: “அண்ணே, அழகா இருக்கது வேற, சரியா இருக்கது வேற. இன்னொரு தடவ எங்கிட்ட பொய் சொன்னீங்கன்னா ஒங்க சாவிய நானே எடுத்துத் தருவேன்.” நான் சாவி கேட்ட கதை அவர் வரைக்கும் போயிருந்தது. சுடலை வாயில் எதுவும் நிற்காது என்பது அப்போது தெரிந்தது. அடுத்த வாரத்திலிருந்து அசெம்பிளி எஸ்தரின் பொறுப்பு. கம்ப்யூட்டரும் மின்விசிறியும் வேறொருவருக்குப் போயின. நான் பட்டறையை விட்டுப் போகவில்லை. ஓரிடத்தில் இத்தனை வருடம் இருப்பேன் என்று என் அம்மாகூட நம்பவில்லை. கல்யாணம்கூட ஆயிற்று.

எங்கள் மெஷின் இன்றைக்கும் இடக்கை மெஷின்தான். திருப்ப யாரும் நினைக்கவில்லை.

போன வருடம் மதுரையில் ஒரு தொழில் கண்காட்சிக்கு என் மனைவி செல்வியையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். வேறொரு கம்பெனிக்காரர்கள் பாக்குமட்டை மெஷின் வைத்திருந்தார்கள். பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மோட்டார் இடப்பக்கம். தொட்டி இடப்பக்கம். பெயிண்ட்கூட எங்கள் பச்சை. காப்பியடித்திருக்கிறார்கள்!

“மோட்டார் ஏன் தம்பி எடப்பக்கம் இருக்கு?” என்று அங்கே டை கட்டி நின்ற இளைஞரைக் கேட்டேன்.

அவர் அதிர்வு என்றார், வெப்ப ஓட்டம் என்றார், எண்ணெயின் ஆயுள் என்றார், வெளிநாட்டு ஆராய்ச்சி என்றார். பத்து நிமிடம் பேசினார். நான் மரியாதையாகத் தலையாட்டினேன். செல்வி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அடுத்த கடைக்கு ஓடிவிட்டாள்.

வெளியே வந்து எஸ்தருக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு, “குழாய் ரெடிமேடா, கையால வளைச்சதா, பாத்தீங்களா அண்ணே?” என்று கேட்டார்.

“கையாலதான் மேடம். ரெண்டு எடத்துல எண்ணெய் கசியுது.”

“அப்போ பாவம். நமக்காவது எடப்பக்கம் வைக்க ஒரு காரணம் இருந்துச்சு.”

இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு, வீட்டில் இப்போது எதைத் தலைகீழாகச் செய்தாலும் யாரும் தப்பை ஒப்புக்கொள்வதில்லை. நேற்றுகூட என் மகள் இடது செருப்பை வலது காலில் மாட்டிக்கொண்டு டியூஷனுக்குக் கிளம்பினாள். செல்வி வாசலில் நின்று, “ஏட்டி, என்னட்டி இது?” என்று அதட்டினாள்.

மகள் நிற்காமல் படியிறங்கிக்கொண்டே சொன்னாள்: “செருப்பு சரியாத்தான் இருக்கும்மா. காலுதான் தப்பு.”